எதையும் மறைக்கவில்லை

அன்று மத்தியானம் தையற்கடையில் இருந்தவர்களை, அவரவர் உட்கார்ந்திருந்த இடப்படி முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைவர், வாடிக்கையாளர் நாற்காலியில். கடையில் கைப்பிடி வைத்த நாற்காலி அது ஒன்றுதான். அவர் தெருக் கமிட்டிக்குத் தலைவர், அந்தக் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். உட்காருங்கள் என்று யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை. கறிக்கடைக்காரர், தலைவருக்குப் பின்னால் சுவரோரமாக, முக்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து. போதகர், வாசலை ஒட்டிய பெஞ்சின் நுனியில், எழுந்துபோக வசதியாக. தையல் மாஸ்டர், வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம். கட்டுப் போட்ட வலது கையை ஒரு தலையணைமேல், அடுத்தவர் பொருளைப் பத்திரப்படுத்துவதுபோல வைத்திருந்தார். அவருடைய மனைவி தரையில், இஸ்திரி மேசையின் காலில் முதுகைச் சாய்த்து, மடியில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையோடு. பித்தான் துளைக்கு நூலால் ஓரம் கட்டுவதைக் காஜா எடுப்பது என்பார்கள். அதில் அந்தம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் காஜாக்கா. மேசைக்கு இந்தப் பக்கம் காகிதமும் பேனாவுமாக நான். மனு எழுதுவது என் தொழில்.

உள்ரூம் பீரோவின் கதவில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. அதையும் வந்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கூடியது ஒரு கடிதத்துக்காக. அந்தக் கடையில் நடந்த அடிதடி எப்படியோ மேலிடத்து அதிகாரி ஒருவரின் காதுக்குப் போய், நடந்ததை வீட்டாரே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்று சொல்லியிருந்தார். மாஸ்டரின் கை பேனா பிடிக்கிற நிலையில் இல்லை. ஆகவே எழுதப்போவது நான், கையெழுத்துப் போடப்போவது காஜாக்கா. என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தலைவர் வந்திருந்தார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் உள்ரூமில் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபம் செய்வார்கள். வெட்டுத் துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மிஷின் பலகைமேல் வேதத்தை வைத்துக்கொண்டு மாஸ்டர் வாசிப்பார். காஜாக்கா அப்போதும் ஒரு மூலையில் காஜா எடுத்துக்கொண்டுதான் இருப்பார். வாய் திறந்து ஒரு ஆமென்கூடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நீ என்ன நினைக்கறே?" என்று புருஷன் கேட்டால், "நூலு சிக்குது, பேசாதீங்க" என்பார்.

வருஷக்கணக்காக இது நடந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. தலைவருடைய டிரைவர் அங்கே வந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் உறுத்தியது. ஒரு வழக்கில் தலைவருக்காகச் சொல்ல வேண்டிய பொய்யை அந்த டிரைவர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். கமிட்டி கூடியது. தெருவில் இல்லாத பழக்கத்தைக் கொண்டுவருகிறார், குடும்பங்களைக் கெடுக்கிறார் என்று மாஸ்டரை நிற்கவைத்துக் கேட்டார்கள். "சட்டை தைக்கத்தான் உனக்கு இடம் குடுத்தோம், சாமி தைக்க இல்ல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அடுத்த ஞாயிறும் கூடினார்.

அதற்கடுத்த ஞாயிறு முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மிஷின்களைத் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். கண்ணாடி உடைந்தது. ஜெபத்துக்கு வந்திருந்த போதகர் பின்ஜன்னல் வழியாகத் தப்பிப் போனார். மாஸ்டரை வெட்டு மேசைக்கு இழுத்து, வலது கையை மேசைமேல் விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உங்க இயேசு செத்துட்டாருன்னு சொல்லு. அவ்வளவுதான். சொல்லிட்டா விட்டுடறோம்" என்றார்கள்.

"செத்தாரு" என்றார் மாஸ்டர். "அது உண்மைதான்."

பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"எழுந்தாரு" என்றார். "அதுவும் உண்மைதான்."

கரி போடுகிற பெரிய இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒருவன் அதைத் தூக்கிக் கைமேல் இறக்கினான்.

அப்புறம் அவர்கள் உள்ரூம் பீரோ பக்கம் திரும்பினார்கள். அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது: "பீரோவைத் தொடாதீங்கடா!" தொடவில்லை. பீரோவுக்குள் இருந்தது இந்தக் கோட்டு. தலைவர் தன் மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள, நல்ல துணியாக வரவழைத்துத் தைக்கக் கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து ஆள் வந்து, கோட்டு எப்போது ரெடியாகும் என்று கேட்டுவிட்டுப் போனான். காஜாக்கா அதை வெட்டிப் போடக் கத்தரியைக் கையில் எடுத்தார். மாஸ்டர் படுத்தபடியே, "கை நீட்டி வாங்கின வேலை. முடிச்சுக் குடுத்துடு" என்றார். "சரிங்க" என்றார் அந்தம்மா. இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற பெண் இல்லையே என்று மாஸ்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வலியில் தோன்றவில்லை.

அதன் காரணம் எனக்கு, கடிதத்துக்காகக் கூடியதற்கு முந்தின நாள்தான் தெரிந்தது. விவரம் குறித்துக்கொள்ளப் போயிருந்தேன். விடாத தூறல். ஈரக் காற்றில் கரி பிடிக்காமல் இஸ்திரிப் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. அதே பெட்டிதான், வேறு இல்லை. காஜாக்கா அதன் வாயில் விசிறுவதும், கோட்டை மடியில் இழுத்துப்போட்டுத் தைப்பதுமாக இருந்தார். உடையாமல் மிஞ்சிய ஒரே மிஷின் மூலையில் நொண்டிக் குதிரை மாதிரி சாய்ந்து நின்றது.

துணியை மிஷினில் ஓட்டுவதற்கு முன்னால், நகராமல் இருக்க நீள நீளமாக நூல் ஓட்டிப் பிடித்து வைப்பது கச்சாத் தையல். பிறகு உருவி எடுக்கக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அதை வெள்ளை நூலில் போடுவார்கள். அந்தம்மா கோட்டின் தோள் சுற்றில் கறுப்பு நூலில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இன்னும் கச்சாலயே நிக்குது?"

"மிஷின் ஓட்டியாச்சு ரைட்டரய்யா. பிரிச்சுட்டேன்."

"ஏன்?"

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "கல்யாண மேடைல சம்பந்தியைக் கட்டிப் பிடிக்கக் கையைத் தூக்குவாரில்ல? நின்னா நிக்கும். உக்காந்தா தாங்கும். கையைத் தூக்கினா கைவேற கோட்டுவேற. சபை நடுவுல, அத்தனை பேர் பார்க்க."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மன்னிச்சுருவாரு. கோட்டைத் திருப்பித் தைக்கச் சொல்லிட்டு என்னை மன்னிச்சுருவாரு. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

அந்தம்மா ஊசியை நிறுத்தாமல் சொன்னார்:

"ராத்திரி அவரு தூக்கத்துல கத்தரி பிடிக்கறாரு. கட்டுக்குள்ள விரல் அசையுது. பக்கத்துல படுத்துக்கிட்டு அதைப் பார்க்கறவ நான். எங்க வீட்டுக் கையை எடுத்தாங்க. நான் கோட்டுக் கையைத்தானே எடுக்கறேன்? இதுவே ரொம்பக் கம்மி. இது உங்க காகிதத்துக்கு இல்ல, காதோட வெச்சுக்கங்க."

காதோடு வைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் அந்தக் கோட்டு பீரோக் கதவில், அயர்ன் கலையாமல், மாப்பிள்ளைக் களையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எழுதிக்கய்யா. ஞாயித்துக்கிழமை எங்க கடைல தையல் வகுப்பு நடந்துச்சு. துணி அலமாரி சரிஞ்சு விழுந்ததுல மிஷின் உடைஞ்சுது, கைல அடிபட்டுது. யார் மேலயும் எங்களுக்குச் சந்தேகம் இல்ல. அவ்வளவுதான். சின்ன விஷயம், சின்ன லெட்டர்."

"அலமாரி எங்க இருக்கு?" என்றார் காஜாக்கா, சட்டையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"என்னம்மா?"

"சரிஞ்ச அலமாரி. எங்க கடைல அலமாரியே கிடையாது. இருக்கறது பீரோ ஒண்ணு. அது சரியலை. அதைத் தொடாதீங்கடான்னு யாரோ வெளிய இருந்து கத்தினாங்க, பாவம், நல்ல மனுஷன்."

கறிக்கடைக்காரர் முக்காலியில் நெளிந்தார். தலைவர் நிதானம் தப்பாமல் சிரித்தார்.

"இங்க பாரும்மா. புது மிஷின் வாங்கித் தரேன். மாஸ்டர் கைக்கு நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டறேன். கடையை விட்டுப் போகச் சொல்லலை. உங்க சாமியை மனசுக்குள்ள வெச்சுக்கங்க, யார் வேண்டாங்கறா? கூட்டம் கூடக் கூடாது, அவ்வளவுதான். இல்ல, வேற மாதிரிதான் எழுதுவோம்னா, நாளைக்குக் காலைல எனக்குக் கடை சாவி வேணும். வீட்டு சாவியும் அதே கொத்துலதான் இருக்கு."

கடைக்குப் பின்னால் ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. அதுதான் அவர்கள் வீடு. அடுப்பில் ஏதோ கஞ்சி கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்துபோய் இறக்கவில்லை.

போதகர் இருமினார். "அம்மா, தலைவர் ஐயா இறங்கி வந்திருக்காங்க. நாமளும் கொஞ்சம் ஞானமா நடந்துக்கலாமே. பாம்பைப் போல விவேகமா இருக்கணும்னு நமக்குச் சொல்லியிருக்கில்ல?"

"புத்தியா இருக்கச் சொன்னாரு, சரி. பொந்துக்குள்ள போயிடச் சொன்னாராய்யா?"

"அதுக்கில்லம்மா…"

"அன்னிக்கு அந்தப் பின்ஜன்னல், நாங்களே அளவெடுத்து வெச்ச மாதிரி உங்களுக்கு அவ்வளவு பொருத்தமா இருந்துச்சு."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் கெட்டவரில்லை. வீட்டில் கைக்குழந்தை. பயம் யாருக்கு இல்லை?

மாஸ்டர் அப்போதுதான் பேசினார். மருந்து மயக்கத்தில் குரல் மெதுவாக வந்தது. "ரைட்டரய்யா, தையல் வகுப்புன்னு எழுதாதீங்க. கூடினது ஜெபத்துக்கு. அவர் பேரைச் சொன்னோம். சொன்னதுக்குத்தான் அடி விழுந்துச்சு. அதை எழுதுங்க."

"எழுதிட்டு?" என்றார் தலைவர்.

"சாவியை வாங்கிக்கங்க."

காஜாக்காவின் ஊசி நின்றது. அந்தம்மா புருஷனைப் பார்த்த பார்வையில் பெருமையா எரிச்சலா எது கூட என்று சொல்ல முடியாது.

"ஆனா யாரு அடிச்சாங்கங்கறது வேண்டாம்" என்று மாஸ்டர் தொடர்ந்தார். "மன்னிச்சாச்சு. பேரெல்லாம் வேண்டாம்."

"யாரு மன்னிச்சது?" என்றார் காஜாக்கா.

"நாமதான்."

"நாமன்னா யாரு? நீங்களும் உங்க கட்டுமா? என்னை எப்பக் கேட்டீங்க?"

"இந்தா, வெளி ஆளுங்க முன்னால…"

"வெளி ஆளுங்க இல்லீங்க. அத்தனை பேருக்கும் நாம அளவெடுத்திருக்கோம்." சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வாராவாரம் விசுவாசத்தைச் சொல்றீங்களே எல்லாரும் சேர்ந்து. அதுல ஆண்டவரைச் சிலுவையில அறையச் சொன்ன ஒரு கவர்னர் பேரு வருதே, அது எதுக்கு? அவன் ஆட்சியில ஆண்டவரு பாடுபட்டாருன்னு, ஆயிரக்கணக்கான வருஷமா, பச்சப்புள்ளைங்க முதக்கொண்டு அந்த ஆள் பேரைச் சொல்லுது. ஆண்டவரு மன்னிக்கலையா? மன்னிச்சாரு. பேரை அழிச்சாரா? அழிக்கலையே. என்ன பண்ணாங்க, யாரு பண்ணாங்கன்னு சொன்னப்புறம்தான் அதுக்குப் பேரு மன்னிப்பு. சொல்லாம விட்டா அதுக்குப் பேரு பயம்."

மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்தவள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டா இருந்தாள் என்கிற திகைப்பு மாஸ்டர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. போதகர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

தலைவருக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. "நீங்க புருஷன் பொண்டாட்டி பேசி முடிங்க. அதுக்குள்ள நான் கோட்டைப் போட்டுப் பார்த்துடறேன்" என்று எழுந்தார்.

காஜாக்கா போய்க் கோட்டை எடுத்துவந்தார். பின்னால் நின்று, குழந்தைக்குப் போட்டுவிடுகிற பக்குவத்தில் ஒவ்வொரு கையாக ஏற்றினார். காலரைத் தட்டினார். தோளை நீவினார். அந்த நீவல் எப்படிப்பட்டது என்று, பூனை எலியைத் தடவுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். விரிசல் விட்ட கண்ணாடி அவரை இரண்டாகக் காட்டியது. இரண்டு தலைவரும் திருப்தியாக இருந்தார்கள்.

"கை நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்றார். "ஒரு குறையும் சொல்ல முடியாது."

"கல்யாணத்தன்னிக்குச் சொல்லுங்க" என்றார் காஜாக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க, ரைட்டரய்யா."

எழுதினேன். அந்தம்மா சொல்லச் சொல்ல, வரிக்கு வரி. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் கூடியிருந்தது இயேசுவின் பேரில் ஜெபம் செய்ய. தையல் வகுப்பு அல்ல. அவர் இறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். இறந்தார், எழுந்தார் என்று என் கணவர் சொன்னார். சொன்ன வாய்க்காகக் கையை நசுக்கினார்கள். இஸ்திரிப் பெட்டியை இறக்கியவர் கறிக்கடைக்காரர்.

"ஏய்!" முக்காலி சாய்ந்தது. கறிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "முகத்தைப் பார்த்தியாக்கா நீ? மூஞ்சில துணி கட்டியிருந்துச்சில்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தலைவர் பல்லைக் கடித்தார்.

"முகத்தை யாரு பார்த்தா?" என்றார் காஜாக்கா. "தினம் கறித் தொடையைத் தூக்கி உங்க இடது தோள் இறங்கிப்போயிருக்கு. உங்க சட்டைக்கெல்லாம் அந்தப் பக்கம் ஒரு மடிப்பு ஏத்தி வெக்கறது நான்தான். அன்னிக்குப் போட்டிருந்த சட்டையும் நான் தைச்சதுதான். எங்க கடைக்கு வந்து எங்களையே அடிக்கறவங்க, வேற கடைல தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்."

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வெளியில நின்னு பீரோவைத் தொடாதீங்கன்னு கத்தினவர் பேரையும் எழுதுங்க. இந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர்னு போடுங்க. அது போதும், அவங்களே கண்டுபிடிப்பாங்க."

"எழுதட்டும், எழுதட்டும்" என்றார் தலைவர், கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நாளைக்கு ராத்திரி எங்க படுக்கறதுன்னு மட்டும் யோசிச்சுக்கோ."

மனுவுக்கு ஒரு முடிப்பு உண்டு. அதை வாய்விட்டு வாசித்து, எழுதச் சொன்னவர் காகிதத்தின்மேல் கை வைத்து ஆமாம் என்று சொன்ன பிறகுதான் நான் கையெழுத்து வாங்குவது. யாராக இருந்தாலும் சரி, இதில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. "கை வைங்கக்கா" என்றேன். வைத்தார். வாசித்தேன்: "மேலே கண்டவை யாவும் உண்மை. இதில் நான் எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை."

அவர் கண் காகிதத்தின் கடைசி வரியில் நின்றது.

"ஆமான்னு சொல்லணும்க்கா."

"அந்தக் கடைசி வரி வேணுமா?"

"அது இல்லாம எடுத்துக்க மாட்டாங்க."

"உண்மைன்னுதான் சொல்லியாச்சே. மறைக்கலைன்னு வேற தனியா எதுக்கு?"

"சிலது உண்மையாவும் இருக்கும், மறைச்சும் இருக்கும். அதுக்குத்தான்."

காஜாக்காவின் கை காகிதத்தின் மேலேயே இருந்தது. கண் கோட்டுக்குப் போனது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள்தான் இருந்தது. சும்மா இருந்தால் போதும். அந்த மேடை, அந்தக் கூட்டம், தூக்கிய கை, அத்தனையும் அந்தம்மாவின் கைக்குள் வந்துவிட்ட மாதிரிதான். இத்தனை நாள் கஞ்சி இறங்காத தொண்டையில் அந்த ஒரு நினைப்புதான் இனித்துக்கொண்டிருந்தது. அதை விடுவது லேசா?

சட்டென்று கையை எடுத்தார். நேரே தலைவர் முன்னால் போய் நின்றார்.

"எந்திரிங்க. கையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தோள் சுத்துப் பார்க்கணும். தூக்குங்க."

தலைவர் எழுந்து, ஏதோ வாழ்த்துவதுபோல இரண்டு கையையும் தூக்கினார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மழை ஈரத்தில் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு முனகல். இடது கை முழங்கை வரைக்கும் வழுக்கி இறங்கியது. வலது கை தோளில் பாதி தொங்கியது. உள்ளே போட்டிருந்த பனியனின் ஓட்டை தெரிந்தது.

முதலில் சிரித்தது கறிக்கடைக்காரர்தான். அவரால் அடக்க முடியவில்லை. தலைவர் திரும்பிப் பார்த்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்.

"கச்சாத் தையல்" என்றார் காஜாக்கா. "மிஷின் தையலைப் பிரிச்சுட்டு வேணும்னே போட்டது. மேடைல அவிழணும்னு போட்டேன். உங்க மக முன்னால, சம்பந்தி முன்னால. ரைட்டரய்யா, இதையும் எழுதிக்கங்க."

மாஸ்டர் எழுந்துவிட்டார். "என்ன பண்ணியிருக்கே நீ?"

"சொல்லிட்டேங்க. உக்காருங்க, கை அசையுது."

தலைவரின் முகம் கறுத்தது. தொங்கிய கையை மேலே இழுத்துப் பார்த்தார். அது மறுபடி இறங்கியது. "பார்த்தியாய்யா போதகரே? இதுதான் உங்க சாமி சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல" என்று போதகரை முந்திக்கொண்டார் காஜாக்கா. "இது நானே கத்துக்கிட்டது. அவரு சொன்னது வேற. அதையும் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரைக் கேட்டீங்க. என்னைக் கேக்கலை. தரையில உக்காந்து காஜா எடுக்கறவ, இவகிட்ட என்ன கேக்கறதுன்னு தாண்டிப் போயிட்டீங்க. இப்பக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. அடுப்பில் மூடி தட்டுகிற சத்தம் மட்டும்.

"கேக்க மாட்டீங்க. நானே சொல்றேன். செத்தாரு. எழுந்தாரு. இந்தக் கடை இருந்தாலும் எழுந்தாரு, போனாலும் எழுந்தாரு. எந்திரிச்சவரு சும்மா இல்ல. உங்களை ஒரு நாள் நிக்கவெச்சுக் கேப்பாரு. என்னையும் கேப்பாரு. என்னைக் கேக்க இந்தக் கோட்டுக் கை இருக்கு. உங்களைக் கேக்க அதோ அந்தக் கை இருக்கு. என்னோடதை இப்ப நான் சொல்லிட்டேன். உங்களோடதை நீங்க எப்பச் சொல்லப் போறீங்க?"

மாஸ்டர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவி வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த மனுஷன். அது இப்படிச் சண்டையில் வந்து விழும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தலைவர் கோட்டை உருவித் தரையில் எறிந்தார். "நாளைக்குக் காலைல சாவி."

"தரோம். கோட்டு இன்னிக்கு சாயங்காலம் ரெடியாயிடும்."

"உன் கையால தைச்சதை இனிமே நான் போடுவேனா?"

"துணி உங்களோடது. போடறதும் விடறதும் உங்க இஷ்டம். வாங்கின வேலையைப் பாதியில விட்டாங்கன்னு எங்களை யாரும் சொல்லக் கூடாது."

அவர் போய்விட்டார். கறிக்கடைக்காரர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். "மாஸ்டர்… கை எப்படி இருக்கு இப்ப?"

"இஸ்திரிப் பெட்டிகிட்ட கேளுங்க" என்றார் காஜாக்கா. "அதுக்குத்தான் நல்லாத் தெரியும்."

அவர் அந்த இடது தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ரைட்டரய்யா. பேரெல்லாம் இருக்கட்டும். அவ சொல்றது சரிதான். கடைசியில ஒண்ணு சேர்த்துக்கங்க. இவங்களுக்குத் தண்டனை வேணும்னு நான் கேக்கலை."

"அதுக்குக் கீழ, நான் கேக்கறேன்னு எழுதுங்க" என்றார் காஜாக்கா.

"ரெண்டும் எப்படிக்கா ஒரே மனுவுல?"

"ஒரே வீட்டுல இருக்கோமில்ல, ஒரே மனுவுல இருக்க முடியாதா? எதையும் மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இரண்டையும் எழுதினேன். கோட்டு விஷயத்தையும் அந்தம்மா சொன்னபடியே எழுதினேன். மறுபடி முடிப்பை வாசித்தேன். இந்தத் தடவை கேள்வி முடிவதற்குள் ஆமாம் வந்தது. கையெழுத்து, காஜாவைப் போலவே, நெருக்கமாக, பிசிறில்லாமல் விழுந்தது.

பிறகு கோட்டை மடியில் போட்டுக்கொண்டார். போதகர் தானாகவே எழுந்துபோய்க் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு வந்து, நொண்டி மிஷினின் பலகையைச் சாயாமல் தோளால் முட்டுக்கொடுத்தார். "பிடிச்சுக்கறேம்மா. இன்னிக்கு ஜன்னல் பக்கம் போகலை" என்றார். காஜாக்கா மிஷினை மிதித்தார். தோள் சுற்றில் ஒரு தையல், அதை ஒட்டி இன்னொரு தையல், அதன்மேல் மூன்றாவதாக ஒரு தையல். முரட்டுச் சாக்குக்குப் போடுகிற தையல் அது. ஓடி முடிந்ததும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"துணி கிழிஞ்சாலும் இது பிரியாது" என்றார். "இதைப் போடும்போதெல்லாம் அந்த ஆளுக்கு இன்னிக்கு மத்தியானம் ஞாபகம் வரணும். போடாம மடிச்சு வெச்சாலும், மடிச்சு வெச்ச இடம் ஞாபகம் வரணும்."

"இது மன்னிப்பாம்மா?" என்றார் போதகர் மெதுவாக.

"பாதி மன்னிச்சிருக்கேன். மீதிக்கு ஆண்டவரே வழி சொல்லட்டும்."

கவரின் பசை மழைக் காற்றில் ஒட்டவில்லை. மடித்த வாய் திறந்து திறந்து கொண்டது. நான் நாக்கால் நனைத்தேன், கட்டைவிரலால் அழுத்தினேன், நிற்கவில்லை. "குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். கோட்டுக்காக மூட்டிய கரி இப்போது நன்றாகப் பிடித்திருந்தது. கவரை வெட்டு மேசைமேல், அன்றைக்கு அந்தக் கை இருந்த இடத்தில் வைத்தார். மேலே ஒரு துண்டுத் துணி. அந்தப் பெரிய இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். காஜாக்கா மூடவில்லை. இறக்கி, முழு எடையும் போட்டு, அழுத்தி நிறுத்திக்கொண்டே இருந்தார்.

"முதல்ல தபால்" என்று கவரையும், பேப்பரில் சுற்றிய கோட்டையும் என்னிடம் கொடுத்தார். "அப்புறம் இது. மாத்திடாதீங்க."

நான் இறங்கும்போது உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் போடுகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. தூறலில் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். தபால் ஜன்னலை மூடப்போனவர் முனகிக்கொண்டே கையை நீட்டினார். வாங்கிய கவரைத் திருப்பி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"என்னய்யா இது, இன்னும் சுடுது?"

"போற வரைக்கும் சுடும்" என்றேன்.

அவர் முத்திரையைக் குத்தி, கவரைப் பைக்குள் போட்டார்.